கோணல் எழுத்தில் வந்த கடிதங்கள்

1965இல் பாகிஸ்தானுடன் போர் நடந்த சமயம் நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். குடியிருந்தது ஒரு கடற்படை அதிகாரி வீட்டின் பின்பக்க அறையில். அவர் கப்பலில் இருந்தார். வீட்டில் அவர் மனைவியும் கைக்குழந்தையும் மட்டும்தான். அந்த மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கணவரிடமிருந்து கடிதம் வந்தால் அக்கா எனக்கும் கொஞ்சம் படித்துக் காட்டுவார். கப்பல் எங்கே நிற்கிறது என்று எழுதக்கூடாதாம். அதனால் சாப்பாடு, தூக்கம், கூட இருப்பவர்களின் கேலி என்று பக்கம் பக்கமாக எழுதுவார். அப்படியும் போதாது, இன்னும் எழுதினால் என்ன என்று அக்கா பதிலில் சண்டை போடுவார்.

பனிமூட்டத்தில் கேட் வரைக்கும் வந்த பிறகுதான் தபால்காரர் கண்ணுக்குத் தெரிவார். அப்படி ஒருநாள் வந்த கடிதத்தில் நாலே வரி. சின்னப்பிள்ளை எழுதியதுபோல் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகக் கோணிக் கிடந்தது. கப்பல் ரொம்ப ஆடுகிறது, அதனால்தான் எழுத்து இப்படி, மற்றபடி நலம் என்றிருந்தது. அக்கா அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தவையும் அப்படித்தான். நான் கப்பல் ஆட்டம் என்றே நம்பினேன். அக்கா வழக்கம்போல் சமைத்தார், குழந்தைக்குப் பாடினார், பதில் எழுதினார்.

மார்கழிக் குளிரில் அவர் வந்து இறங்கினார். வலது கையில் கட்டைவிரல் தவிர ஒரு விரலும் இல்லை. இன்ஜின் அறையில் நடந்த விபத்தாம். அக்கா அழவில்லை. நேராகப் போய்க் குழந்தையை அவருடைய இடது தோளில் சாய்த்துக் கொடுத்தார்.

நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று மறைத்துவிட்டதாக அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

“அந்த நாலு வரியப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சுங்க,” என்றார் அக்கா. “எடது கையால எழுதி, இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறீங்க. நான் கேட்டு அதக் கெடுக்கணுமான்னு விட்டுட்டேன்.”

அவர் சிரித்தார். “உனக்குத் தெரிஞ்சுருச்சுன்னு எனக்கும் தெரியும். அப்புறம் ஒரு கடிதத்துலகூட இன்னும் எழுதுங்கன்னு நீ சண்டை போடலையே.”

ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. எங்கோ கடலோர ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இப்போதும் என் வீட்டில் யாரையாவது துருவிக் கேட்க வாயெடுக்கும்போது, அக்கா அத்தனை நாளும் கேட்காமலே தாங்கியதை நினைத்து ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.