கண்ணைத் தேடும் கமரா

கலியாணப் படம் எடுக்கிற தொழிலில் திருத்தத்துக்கு இடமில்லை. படம் மங்கிவிட்டது, தாலியை இன்னொருக்கால் கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. மருந்துப் போத்தலைக் கை நீட்டிப் பிடித்து வாசிக்கிற என் வயதுச் சகபாடிகளே, உங்களுக்கு என் கவலை விளங்கும்.

ஐயரின் காது

வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். கெட்டிமேளம் முழங்க, அட்சதை பறக்க, மாமன் மச்சான்மாரின் கைபேசிகளுக்கிடையே தலையை நுழைத்துத் தாலி கட்டும் படத்தை எடுத்தேன். வீட்டில் கணினியில் பெரிதாக்கினால் மாப்பிள்ளையும் பெண்ணும் பனிமூட்டத்துக்குள் இருந்தார்கள். ஐயரின் இடது காது மட்டும் மயிர் மயிராகத் தெரிந்தது.

பதினைந்து வருடக் கமராவின் பிழையா, என் கண்ணின் பிழையா? அடுத்த மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். கண்ணின் பிழை என்றால் அதுவே என் கடைசிக் கலியாணம். வெள்ளவத்தைப் பெண்ணின் தாய் கலியாண அல்பத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஐயர்ர காது வடிவா வந்திருக்கு, தம்பி. என்ர மகளும் அங்கதான் இருந்தவள்.”

சின்னச் சில்லு

கமராவைக் குற்றம் சொல்வது சுலபம். கடைக்குப் போனேன். ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கமரா மனிதரின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துத் தெளிவாக்குமாம். ஹட்டன் பக்கத்து விற்பனைப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று பாரம், கைக்கு அடக்கம். மற்றது இலேசு, என் சுண்டுவிரலுக்குத்தான் இடமில்லை.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பாரமானதற்குள் பார்த்தேன். மங்கல். “இதுவும் பழுது” என்றேன். கண் வைக்கும் இடத்தின் ஓரத்தில், பார்ப்பவரின் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்வதற்கென்று இருந்த சின்னச் சில்லை அவள் திருப்பினாள். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை பளிச்சென்று வந்தது. அதே சில்லு என் பழைய கமராவிலும் உண்டு. நான் ஒருநாளும் தொட்டதில்லை. “அங்கிள், கமராவ நாளைக்கும் வாங்கலாங்க. இன்னைக்குக் கண்ண செக் பண்ணிட்டு வாங்க.”

கீரைக்கு நடுவே ஒரு கேள்வி

புதுக் கண்ணாடி வந்தது, நம்பிக்கை வரவில்லை. ஒரு கிழமையாக சென்சர், பற்றரி என்று காணொளி பார்த்தேன். பாரமானதில் என் பழைய லென்ஸுகளை ஒரு வளையம் போட்டு மாட்டலாம். இலேசானதற்கு எல்லாம் புதிதாக வேண்டும். மனைவி கீரை ஆய்ந்தபடியே கேட்டாள்: “இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கமராவில நம்பிக்கை இல்லையோ, உங்களிலயோ? அதை முதல்ல சொல்லுங்கோ.”

நேரே கடைக்குப் போய்ப் பாரமானதை வாங்கினேன்.

மூச்சு விடாத கமரா

கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில், பூசை நேரம் கமராச் சத்தம் கூடாது என்று பாதர் சொல்லியிருந்தார். புதியது மூச்சே விடவில்லை. பெண்ணின் மாமா, துறைமுகத்தில் வேலை செய்பவர், அரை மணி நேரம் என்னைக் கவனித்துவிட்டு, காதருகே வந்தார். “அண்ணை, கோவிக்காதீங்க. படம் எடுக்கிறீங்களா, பூசை காண வந்தீங்களா?”

நேராகப் பார்த்த கண்கள்

பெண்ணின் தகப்பன் போன வருடம் இறந்தவர். அவருடைய சட்டமிட்ட படத்தை மார்போடு பிடித்தபடி தாய் மகளின் பின்னால் நின்றார். தாலி கட்டும்போது மணமக்கள் தலைகுனிந்திருந்தார்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் கமராவின் சின்னச் சதுரம், தன்னை நேராகப் பார்த்த ஒரே சோடிக் கண்ணில் போய்க் குந்தியது: இறந்தவருடைய கண்ணில். நானும் அழுத்திவிட்டேன்.

படத்தில் மணமக்கள் மங்கல், தகப்பன் மட்டும் தெளிவு. சதுரத்தை விரலால் மாப்பிள்ளையின் கைக்கு நகர்த்தி, கடைசி முடிச்சுக்கு இன்னொன்று எடுத்தேன். அது துல்லியமாக விழுந்தது. என் கண்ணில் பிழையில்லை. முதலாவதை அழித்திருக்கலாம்; பிழையை ஒளிக்கிற ஆளா நான் என்று ஒரு கிழமை யோசித்துவிட்டு, இரண்டையும் காட்டினேன். பெண் முதலாவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அங்கிள், இதில அப்பா வந்திருக்கிறார். இதைத்தான் பெரிசாப் போடுங்க.”

ஆக, பிழை விடாத கமராவைத் தேடி வாங்கிய நான், இப்போது அது விட்ட முதல் பிழைக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.