கரிக்கூழுக்கு வார்த்த தண்ணீர்

கத்தரீனாவுக்கு அந்த வேலை கிடைத்ததற்கு அவளுடைய கைதான் காரணம். கூட்டுகிற வேலை கேட்டுத்தான் போனாள்.

தீவுப் பகுதியின் கரம்பொன் கடற்கரையில் கூரையில்லாமல் கிடந்த பழைய ஐஸ் தொழிற்சாலையை ஒரு கொம்பனி துப்புரவாக்கி, நடுவில் ஒரு இரும்பு உலையை நிறுத்தியிருந்தது. நிலக்கரியையும், பனங்கிழங்கு பிடுங்கியபின் மிஞ்சுகிற கொட்டை ஓடான ஊமலையும் மாவாக அரைத்து, தண்ணீரில் கூழாகக் கரைத்து, பம்பால் அந்த உலைக்குள் பீச்சுவார்கள். உள்ளே ஆயிரத்து இருநூறு பாகை வெப்பம். காற்றை அளவாகத்தான் விடுவார்கள். அதனால் கூழ் முழுதாக எரிந்து போகாமல் வாயுவாக மாறும். அந்த வாயுவில் ஜெனரேற்றர் ஓடும், ஜெனரேற்றரில் ஐஸ் அறை ஓடும். மூன்று மாதம் பழுதில்லாமல் ஓடினால் எல்லாம் நிரந்தரம், வேலைக்கு எடுத்த ஆட்களும் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

கத்தரீனா போன அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் பொறியியலாளர் ஜெயரூபன் தொட்டிக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூழ் தடித்தால் பம்ப் அடைக்கிறது, தண்ணியானால் உலை சூடு இறங்குகிறது. கத்தரீனா கேட்காமலே விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது கூழ்ப் பதம் இல்லை சேர். இன்னும் கொஞ்சம் மா வேணும்."

ஜெயரூபன் மாவைப் போட்டு, கருவியால் அளந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அடுத்த நாளே கூழ் கரைக்கிற வேலை அவளுக்கு வந்தது. கூழ் காய்ச்சிப் பழகியது இப்படியும் உதவும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அதற்கு முன் ஒன்பது வருடம் அவள் நண்டுக் கொம்பனியில் அவித்த நண்டின் சதை எடுத்தாள். ஓடு குத்திய இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு விரல்கள் வெடித்துப்போயின. கறிக்கு உப்புப் போடக்கூட கரண்டி தேட வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருடம் இதையே செய்தால் விரல் மடங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். புருசன் ஜெகதீஸ் வள்ளத்தில் விழுந்து இடுப்பை முறித்ததிலிருந்து கடலுக்குப் போவதில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஆகவே வேலையை விட முடியாது, அந்தக் கையோடு அந்த வேலையைச் செய்யவும் முடியாது என்றிருந்த நேரத்தில்தான் இந்த உலை வந்தது. இங்கே இறப்பர் கையுறை கொடுத்தார்கள். இரண்டாம் கிழமையில் வெடிப்புகள் மூடத் தொடங்கின.

அதே கிழமையில்தான் பிழையும் தொடங்கியது.

கூழுக்கென்று கொம்பனி பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் எடுத்து, கறுப்புத் தாங்கியில் நிரப்பும். அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். குடிக்கிற தண்ணீருக்குச் சனம் குடத்தோடு காத்துக் கிடக்கிற இடம் அது. தாங்கி நிரம்புவதை வேலிக்கு அப்பால் நின்று பார்த்த றஞ்சனி, ஜெகதீசின் தங்கச்சி, ஒருநாள் கேட்டாள்.

"என்ன மச்சாள், எங்கட பிள்ளையள் உப்புத் தண்ணி குடிக்குதுகள், நீர் கரிக்கு நல்ல தண்ணி குடுக்கிறீர். கரி என்ன, கொழும்பில இருந்து வந்த மாப்பிள்ளையோ?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கத்தரீனாவும் சிரித்தாள். ஆனால் அன்று வாளியைத் தொட்டிக்குள் கவிழ்க்கும்போது கை தயங்கியது. நல்ல தண்ணீர் வாய்க்கும் பானைக்கும் மட்டும். குளிக்க, துவைக்க, சீமெந்து குழைக்க எல்லாவற்றுக்கும் உவர்த் தண்ணீர். அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவளுடைய வீட்டுச் சுவரே உவர்த் தண்ணீரில் குழைத்த சாந்தில்தான் நிற்கிறது. கருஞ்சேற்றுக்கு நல்ல தண்ணீர் வார்ப்பது அவளுக்குப் பாவமாகப் பட்டது.

உப்புள்ள எதுவும் உலைக்குள் போகக் கூடாது, கரையில் ஒதுங்குகிற கடற்புல்லான சாதாளையைக் கூட்டி அள்ளி மாவோடு சேர்க்க வேண்டாம் என்று ஜெயரூபன் முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் ஒரு துண்டு சாதாளையும் விழ விடவில்லை. தண்ணீர் எப்படியும் ஆவியாகத்தானே போகிறது என்று நினைத்தாள். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கிணற்றில் அள்ளிக் கூழைக் கரைத்தாள். தாங்கித் தண்ணீர் வேலிக்கு அப்பால் குடம் குடமாகப் போனது. ஒருவரிடமும் அவள் எதுவும் வாங்கவில்லை.

இரண்டாம் மாதம் முடிகிறபோது பீச்சுகிற குழாய் அரித்து ஓட்டையானது. மாற்றினார்கள். பத்தாம் நாள் உலையின் வெளித்தகடு ஒரு பக்கம் சிவந்தது. ஆறவிட்டுத் திறந்து பார்த்தால், உள்ளே அடுக்கியிருந்த நெருப்புச் செங்கல் கண்ணாடிபோல உருகி வழிந்திருந்தது. சாம்பலைச் சோதித்ததில் உப்பு அளவுக்கு மீறி இருந்தது. ஊமலில்தான் உப்பு இருக்கிறது, தீவுப் பனையே இதற்குச் சரிவராது என்று ஜெயரூபன் அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

கத்தரீனா வாசலில் நின்றாள். சொன்னால் தன் வேலை போகும் என்று தெரியும். சொல்லாவிட்டால் ஊமலில் பழி விழுந்து உலையே போகும். காரணம் தெரிந்தால் திருத்தலாம், செங்கலை மாற்றலாம், மற்ற ஏழு பேரின் வேலையாவது நிற்கும், பிறகு ஒருநாள் தன்னையும் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

"ஊமலில பிழையில்லை சேர். நான் கிணத்துத் தண்ணியிலதான் கரைச்சனான்."

ஜெயரூபன் பேனையை வைத்தார். "எத்தினை நாளா அக்கா?"

"ரெண்டாம் கிழமை துவக்கம்."

"அப்ப தாங்கியில வந்த தண்ணி?"

"சனம் குடிச்சது."

அவர் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொன்னதை அப்படியே கொம்பனிக்கு எழுதி அனுப்பினார்.

பதில் மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. அதில் அவளுடைய பெயரே இல்லை. உலை ஒருநாள் ஓடத் தேவையான நல்ல தண்ணீர் பக்கத்துக் குடும்பங்கள் ஒருநாள் குடிக்கிற தண்ணீரைவிடக் கூடுதல், ஆகவே இந்த இடம் இத்திட்டத்துக்கு உகந்ததல்ல, கழற்றி எடுக்கவும் என்று மட்டும் இருந்தது. அவள் நல்ல தண்ணீரையே வார்த்திருந்தாலும் இதே முடிவுதானோ என்று கேட்க நினைத்தாள். ஜெயரூபன் அப்போது லொறிக்காரரோடு பேசிக்கொண்டு நின்றார். உலை போனது, பம்ப் போனது, கறுப்புத் தாங்கியும் போனது. பவுசர் நின்றது.

றஞ்சனி வெறுங்குடத்தோடு வந்து படலையில் நின்றாள்.

"நீர் ஏன் மச்சாள் வாயைத் திறந்தனீர்? பனையில பிழையெண்டு விட்டிருந்தா, வேற கரியைக் கொண்டுவந்து ஓட்டியிருப்பாங்கள். தண்ணியாவது வந்திருக்கும்."

கத்தரீனா வெறுங்குடத்தைப் பார்த்தாள். றஞ்சனி சொல்வது சரியாகவும் இருக்கலாம். அன்று தொழிற்சாலை வேலியில் நின்று கரியை மாப்பிள்ளை என்று கேலி செய்தது அவளுக்கு நினைவிருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை நண்டுக் கொம்பனியின் வான் சந்தியில் வந்து நின்றபோது ஏறினாள். பழைய ஆள் என்று பழைய இடத்திலேயே உட்கார வைத்தார்கள். இறப்பர் கையுறை போட்டால் ஓட்டுத் துண்டு சதையோடு போவது தெரியாது என்று இங்கே போட விடுவதில்லை. மூன்றாம் நாள், மூடியிருந்த வெடிப்பு அதே விரலில் அதே இடத்தில் திறந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கையை உதறிக்கொண்டு நின்றவளை ஜெகதீஸ் பார்த்தான். குசினியில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தது.

"அதில கையைக் கழுவுமன். எரிவெண்டாலும் குறையும்," என்றான்.

அவள் குடத்தின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.