சிறைச் சாப்பாட்டு ஜெபம்

டோங்காவில் ஜெபம் முடியாமல் யாரும் சாப்பாட்டில் கை வைப்பதில்லை, சிறையிலும்தான். சமையல்காரி லோசலீனிக்கு அலுத்துப்போயிருந்தது. அவளுடைய ஊர்த் தேவாலயக் கூரைக்கு ஜனங்கள் சேர்த்த பணத்தை விழுங்கிவிட்டு உள்ளே வந்த போதகர் சியோசயாதான் இங்கேயும் தினம் ஜெபித்தார்.

“இன்னிக்கு இவரு வேணாம். வேற யாராவது பண்ணுங்க” என்றாள், அகப்பையைக் கீழே வைத்துவிட்டு.

மரவள்ளிக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

“நான் பன்னி திருடுனவன்க்கா, நான் எப்படி ஜெபம் பண்றது?” என்றான் ஒரு கைதி.

“அவரு மட்டும் என்ன யோக்கியமா?”

“அவருக்கு ஜெபம் தெரியுமேக்கா.”

வேறு வழியில்லாமல் அவளே கண்ணை மூடினாள். வாயில் வந்தது, சின்ன வயதில் அந்த மனுஷன் சொல்லிக்கொடுத்த ஜெபம்தான். முடித்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு “ஆமென்” என்றது அவர் குரல்.