உதவிக் குழுவில் ஊர் விசாரித்தது

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், ஊர்காவற்றுறையில் எங்கள் மீன்பிடிச் சங்கத்துக்கு யாரோ ஒரு கணினியும் பிரிண்டரும் அன்பளிப்புச் செய்தார்கள். வீட்டில் உயர்தர வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். ஆகவே எனக்குக் கணினியும் தெரியும் என்று அப்பா தானாகவே முடிவெடுத்து, பொதுக்கூட்ட அறிவித்தலை நான் அடித்துத் தருவேன் என்று சங்கத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அது நடக்காவிட்டால் கணினிப் பெட்டியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார்.

உள்ளே இருந்தது, யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள். திரையில் தமிழ் அழகாகத்தான் வந்தது. பிரிண்டரோ தாளுக்கு ஒரு வரி கிறுக்கிவிட்டு அடுத்த தாளை இழுத்தது. கணினியிலேயே இருந்த உதவிப் பக்கங்களை அகராதியோடு படித்தேன். ஒன்று இன்னொன்றைப் பார் என்றது, அது வேறொன்றைப் பார் என்றது. கடைசியில் ஒரு பக்கத்தின் அடியில், தமிழில் கேட்பதற்கென்று ஒரு மின்னஞ்சல் குழுவின் முகவரி இருந்தது.

எங்கள் பக்கம் இணையம் இல்லை. பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு நெற் கபேயில் இருந்து எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி நலம் விசாரித்து, பணிவாக, நீளமாக. அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் ஒருவர் பதில் போட்டிருந்தார். கடிதம் மிக நன்றாக இருக்கிறதாம், பிரிண்டரின் பெயரைத்தான் காணவில்லையாம்.

அப்பாவிடம் சொன்னேன். அவருடைய கவலை வேறு.

"உவர் ஆற்றை மேன்?"

தெரியாது என்றேன்.

"எந்த ஊரெண்டாவது கேட்டனியே? ஊர் பேர் தெரியாத ஆளிட்டை என்னெண்டு உதவி வாங்கிறது?"

அடுத்த முறை பிரிண்டரின் பெயரோடு அதையும் எழுதினேன்: அப்பா விசாரிக்கிறார், நீங்கள் எந்த ஊர், யாருடைய மகன்? அவருக்கு மட்டும் போகும் என்று நினைத்திருந்தேன். அது குழுவில் இருந்த எல்லோருக்கும் போய்விட்டது.

மறுகிழமை திரை நிறையப் பதில்கள். பினாங்கிலிருந்து ஒருவர், மதுரையிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து எங்கள் அயலூர் வேலணைப் பெண் ஒருவர். எல்லோரும் தகப்பன் பெயரும் தொழிலும் ஊரும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கு முதலில் பதில் போட்டவர்: கோயம்புத்தூர்ப் பக்கம், தபால்காரர் மகன், உங்கள் பிரிண்டருக்கு வேண்டிய கோப்பு இதோடு இருக்கிறது.

அதைப் பிளொப்பித் தட்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் தந்தான். நல்லகாலம், கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று பின்னேரம் அறிவித்தல் முழுத்தாளில் வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற அப்பா தாளைப் பார்க்கவில்லை; நான் சொன்ன ஊர் விபரம்தான் அவருக்கு முக்கியம்.

"தபால்காரன்ரை மேனோ? அப்ப பொறுப்பான ஆள்தான்."

பொதுக்கூட்டத்தில் பெட்டி இங்கேயே நிற்கட்டும் என்று தீர்மானமாயிற்று. செயலாளர் என்னைப் புகழத் தொடங்க, அப்பா எழும்பினார்.

"இவன் தனியச் செய்யேல்லை. கோயம்புத்தூரிலை ஒரு தபால்காரன்ரை மேன் உதவினவன்."

"ஆரண்ணை அது? எங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?" என்றார் செயலாளர்.

"உமக்குத் தெரியாது," என்றார் அப்பா, திரும்ப உட்கார்ந்தபடி. "எங்கடை வீட்டுக்குத் தெரிஞ்ச ஆள்."