கயிற்றில் ஏறும் பார்சல்

"மாமி, கயிறு."

இசக்கியம்மாள் இப்படித்தான் கூப்பிடுவாள். கொரியர் என்றோ பார்சல் என்றோ சொல்கிற வழக்கமே கிடையாது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடம். அதன் கீழே ஸ்கூட்டரை நிறுத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணாந்து ஒரு குரல் கொடுப்பாள். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து நீல நைலான் கயிறு இறங்கி வரும். அதன் நுனியில், யார் வீட்டுக் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பை. பார்சலை அதற்குள் வைத்துக் கயிற்றை இரண்டு தரம் சுண்டுவாள். இழுக்கலாம் என்று அர்த்தம்.

பை மேலே கிளம்பியதும் அவள் செய்கிற காரியம்தான் வேடிக்கை. அதுவரை உட்கார்ந்திருந்தவள் எழுந்து, இரண்டு கைகளையும் மல்லாத்தி, ஏறுகிற பைக்குக் கீழேயே ஏந்திக்கொண்டு நிற்பாள். பை முதல் மாடியைத் தாண்டிய பிறகுதான் கையை இறக்குவாள். "அதுக்கு மேலேருந்து விழுந்தா என் கையில நிக்காது மாமி. அது ஒங்க பொறுப்பு" என்பாள். இதுவரை ஒன்றும் விழுந்ததில்லை. ஆனாலும் ஏந்துவதை விட்டதில்லை.

மூன்று மாடி ஏறினால் என்ன, அதுதானே வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவளிடமும் கேட்டிருக்கிறார்கள். புடவையை முட்டி வரை தூக்கிக் காட்டாத குறையாகப் பதில் சொல்வாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், உறவுக்கார அண்ணாச்சி ஒருவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்துவிட்டார். பட்டு செக்‌ஷன். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு இறக்குகிறவரை நிற்க வேண்டும். "வாங்க வந்தவுக உக்காந்திருப்பாக. நாங்க நின்னுக்கிட்டே விரிச்சுக் காட்டுவோம். அவுக ஒண்ணும் வாங்காம எந்திரிச்சுப் போனாலும் நாங்க நிப்போம்." அப்படி நின்றதில் இரண்டு முட்டியும் போனது. கடையை விட்டாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வீடு பார்சல் கொடுக்கிற இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள்.

சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே சந்தோஷம், உட்காருவது. ஸ்கூட்டரில் உட்காருவாள். கையெழுத்து வாங்க ஆள் வருகிறவரை கேட் ஓரத்துத் திட்டில் உட்காருவாள். கிழக்கு மாட வீதியில் பூக்கட்டுகிற அம்மாள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இவளுக்கென்றே கிடக்கிறது, அதில் உட்கார்ந்துதான் மத்தியானச் சாப்பாடு. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எனக்கென்ன, நாக்காலிய ஓட்டிக்கிட்டே ஊரச் சுத்துதேன்" என்பாள். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்த நாற்காலிக்குப் படியேறத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. மயிலாப்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கா பஞ்சம். முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஒரு நாள் தெற்கு மாட வீதி மூன்றாவது மாடியில் பார்சலைக் கொடுத்துவிட்டு, இறங்க முடியாமல் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டு ஜெயஸ்ரீ பாட்டு டீச்சர். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு போனிலேயே வகுப்பு எடுக்கிறவள். இவள் உட்கார்ந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "நாளைலேர்ந்து நீங்க ஏறவே வேண்டாம். கீரைக்காரிக்கு விடற கயிறு இருக்கு, அதையே விடறேன்" என்றாள். ஒரு வீட்டில் தொடங்கியது. அடுத்த வீடு பார்த்தது, அதற்கடுத்த வீடும் பார்த்தது. இன்று இசக்கியம்மாள் போகிற தெருக்களில் கயிறு இல்லாத மாடிதான் குறைவு.

கம்பெனிக்கு இது ஆகாது. கதவருகே போய்க் கையில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பார்சல் பிரித்துக் கொடுக்கிற ஆபீஸில் மேற்பார்வை பார்க்கும் நிரஞ்சன் நல்ல பையன்தான், ஆனால் அவனுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "அக்கா, நான் இத பாக்கவே இல்லன்னு வச்சுக்கோ. ஆனா ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு, உன்ன கிண்டி குடோனுக்குத் தூக்கிப் போட்ருவாங்க. அங்க பேக்கிங். நாள் பூரா நின்னுக்கினேதான் வேல, தெரியும்ல?" தெரியும். அதனால்தான் கயிற்றைச் சுண்டுகிற ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கிண்டி ஞாபகம் வந்துபோகும்.

நவராத்திரிக்கு முதல் நாள். மாட வீதி முழுக்கப் பொம்மைக் கடை, ஸ்கூட்டர் நகர இடமில்லை. இசக்கியம்மாள் தெற்கு மாட வீதியில் வழக்கம்போல ஒரு பெட்டியைக் கயிற்றில் ஏற்றிவிட்டு, முதல் மாடி தாண்டியதும் கையை இறக்கி, கொடுத்தாயிற்று என்று போனில் தட்டிவிட்டு, அடுத்த தெருவுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே போன் அடித்தது.

"பார்சல் டெலிவர் ஆயிடுத்துன்னு மெசேஜ் வந்திருக்கு. எங்காத்துக்கு ஒண்ணும் வரலையே."

"பேரு சொல்லுங்க."

"ஜெயஸ்ரீ. தெற்கு மாட வீதி, மூணாவது மாடி."

இசக்கியம்மாள் சிரித்துவிட்டாள். "மாமி, நீங்கதானா. குரலு வேற மாதிரி இருக்கே, சளியா? இப்பந்தானே கயித்துல ஏத்தி விட்டேன்."

"எந்த மாமி? எந்தக் கயிறு? நான் திருவான்மியூர்லேர்ந்து பேசறேன்."

மயிலாப்பூரில் ஒரு கோயில், அதைச் சுற்றி நான்கு மாட வீதி. திருவான்மியூரிலும் ஒரு கோயில், அதைச் சுற்றியும் நான்கு மாட வீதி. திருவான்மியூர் ஜெயஸ்ரீ பின்கோடில் கடைசியாக நாற்பத்தொன்று போடுவதற்குப் பதிலாக வெறும் நாலு போட்டிருக்கிறாள். அது மயிலாப்பூர் பின்கோடு, பெட்டி மயிலாப்பூருக்கு வந்துவிட்டது. இசக்கியம்மாள் பெயரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த வீடு. அதற்குக் கீழே ஊர்ப் பெயர் என்று ஒன்று இருப்பதை அவள் படிக்கவே இல்லை.

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" திருவான்மியூர்க் குரல் உயர்ந்தது. "கொலுவுக்கு சீமந்த பொம்மை. எங்க வர்ஷினி உண்டாயிருக்கா, அதுக்காகவே சொல்லிப் பண்ண வெச்சது. வளையல் அடுக்கிண்டு ஒரு பிள்ளைத்தாச்சி மணையில உக்காந்திருப்பா. மண் பொம்மை. அதைப் போய்க் கயித்துல கட்டித் தொங்க விட்டேளா?"

இசக்கியம்மாள் ஸ்கூட்டரிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒரு விரிசல் விட்டிருந்தாலும் நான் அதை ஆத்துக்குள்ள எடுக்க மாட்டேன். பொண்ணு இருக்கற இருப்புல எனக்கு மனசு தாங்காது. சாயங்காலம் விளக்கேத்தறதுக்குள்ள முழுசா என் கைக்கு வரணும். இல்லேன்னா கம்ப்ளெய்ன்ட்தான். கயிறு விஷயத்தையும் சேர்த்தே எழுதுவேன்."

பின்கோடைத் தப்பாகப் போட்டது நீங்கள்தானே அம்மா என்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான். பிற்பாடு அடையாறு பாலத்தின் மேல் போகும்போதுதான் தோன்றியது. அங்கே யாரிடம் சொல்வது?

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு தெற்கு மாட வீதிக்கு வந்தால், பை இன்னும் மேலே போய்ச் சேரவில்லை. இரண்டாவது மாடி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு டீச்சருக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. பாதி இழுக்கும்போது வகுப்புக்கு நேரமாகிவிட்டால், கயிற்றை பால்கனிக் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். மேலேயிருந்து ஸரிகம கேட்டது. பையின் மேல் ஒரு காகம் உட்கார்ந்து, உள்ளே தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைத்தாச்சி அந்தரத்தில் தொங்குகிறாள், காகம் வேறு கொத்துகிறது.

போன் செய்தால் டீச்சர் எடுக்க மாட்டாள், அதில்தான் வகுப்பு. இசக்கியம்மாள், நெரிசலான கடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பில் கேட்டுப் பழகிய குரலை எடுத்தாள். "மாமீ, எறக்குங்க." காகம் பறந்தது. ஸரிகம நின்றது. பால்கனியில் ஜெயஸ்ரீயின் தலை தெரிந்தது.

"என்ன ஆச்சு? கிளாஸ் நடந்துண்டிருக்கு."

"அது ஒங்க பார்சல் இல்ல மாமி."

"என் பேர்தானே சொன்னேள்?"

"பேரு ஒங்களது. தெருவும் ஒங்களது. ஊருதான் ஒங்களது இல்ல. பதமா எறக்குங்க, உள்ளுக்கு மண் பொம்மை."

"அப்படிச் சொல்லுங்கோ. நான் எதுவும் ஆர்டர் பண்ணலையேன்னு யோசிச்சுண்டேதான் பாட்டு சொல்லிக் குடுத்திண்டிருந்தேன்" என்றாள் ஜெயஸ்ரீ. பை அங்குலம் அங்குலமாக இறங்கியது. இசக்கியம்மாள் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கி, காதோடு வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

மீதிப் பார்சல்களைப் பூக்கட்டுகிற அம்மாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பெட்டியை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, வலிக்கிற இரண்டு முட்டிகளாலும் அணைத்துக்கொண்டாள். பள்ளம் வந்தால் நின்று இறங்கி, தள்ளிக்கொண்டு தாண்டினாள். சாந்தோம், அடையாறு பாலம், எல்.பி. ரோடு. பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம், "போ ராசா, போ. எங்கூடப் பிள்ளைத்தாச்சி இருக்கா" என்று பதில் சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் முந்திக்கொண்டு போனார்கள்.

திருவான்மியூர் தெற்கு மாட வீதி. லிஃப்ட் இருந்த கட்டடம்தான். லிஃப்டின் வாயில் ரிப்பேர் என்று ஓர் அட்டை தொங்கியது. இசக்கியம்மாள் போன் செய்தாள். "அம்மா, கீழ நிக்கேன். பொம்மை பத்திரமா இருக்கு. லிஃப்ட் ஓடல, ஏறித்தான் வாரேன். எனக்கு முட்டி சரியில்ல, அதான் அங்க கயிறு. செத்த நேரமாகும், கோவிச்சுக்காதீங்க."

சொல்லி முடித்ததும் லைன் கட்டாகிவிட்டது. ஆகட்டும் என்று பெட்டியை மார்போடு பிடித்து, மறு கையால் கம்பியைப் பற்றி ஏறத் தொடங்கினாள். குழந்தைகள் ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். கொஞ்சம் படி ஏறுவதற்குள் நெற்றி வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"நில்லுங்கோ."

மாடிப்படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது மாடிக் கைப்பிடிக்கு மேல் திருவான்மியூர் ஜெயஸ்ரீயின் முகம். பக்கத்தில் வயிற்றின் மேல் கை வைத்தபடி இன்னொரு முகம், அதுதான் வர்ஷினியாக இருக்க வேண்டும். இரண்டு நூல் புடவைகளை ஒன்றோடொன்று முடிந்து, நுனியில் ஒரு காய்கறிப் பையைக் கட்டி, அந்த அம்மாள் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏற வேண்டாம். இறங்கிக் கீழேயே நில்லுங்கோ. இதுல வைங்கோ."

"பொம்மையில்லாம்மா?"

"தெரியும். வைங்கோ. அசோசியேஷன்காரா பார்த்தா என்னைத்தான் வைவா, சீக்கிரம்."

இசக்கியம்மாள் இறங்கி வந்தாள். பையின் முடிச்சைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. அவிழ்த்து, ஜவுளிக்கடை முடிச்சாக இறுக்கிப் போட்டாள். "நல்லவேள, நூல் புடவை. பட்டுன்னா வழுக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெட்டியைப் பைக்குள் வைத்து, புடவையை இரண்டு தரம் சுண்டினாள். மேலே ஒன்றும் அசையவில்லை. பாவம், அந்த அம்மாளுக்கு இந்தப் பாஷை எப்படித் தெரியும்.

"இழுங்கம்மா."

பை ஏறியது. இசக்கியம்மாள் இரண்டு கைகளையும் மல்லாத்தி அதன் கீழே ஏந்தினாள். பை முதல் மாடியைத் தாண்டியது. அவள் கையை இறக்கவில்லை. இரண்டாவது மாடியையும் தாண்டியது. மேலே நான்கு கைகள் நீண்டு வந்து பையை வாங்கிக் கைப்பிடிக்கு அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளும்வரை, ஏந்திய கைகளோடு அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.