பூஜைக்கு இறக்கி வைத்த சர்வர்

புரட்டாசி மாதத்தில் எங்கள் ஊரில் கல்யாணம் இல்லை. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களில் கேமராக்கள் பையை விட்டு வெளியே வருவதில்லை. சிறிய கடைகளின் கணினிகளைப் பராமரித்துப் பிழைக்கும் எனக்கு மட்டும் அதுதான் வேலை மிகுந்த மாதம். மற்ற நாட்களில் நிறுத்தவே முடியாத இயந்திரங்களை அப்போதுதான் நிறுத்தித் திறக்க முடியும்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஸ்டூடியோ ஒன்றை நான் சில ஆண்டுகளாகப் பார்த்துவந்தேன். உரிமையாளர் குருசுக்குப்பத்துக்காரர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கேமராவைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர். நான் அவரை அண்ணன் என்றும், கடையில் கணக்கும் மணப்பெண் அலங்காரமும் பார்த்த அவர் மனைவியை அண்ணி என்றும் அழைத்தேன். வீடியோக்களை வெட்டி ஒட்டித் தொகுப்பதற்கு ஓர் இளம்பெண் இருந்தாள். இவர்கள் மூவரும், கூலிக்கு வரும் சில கேமராக்காரர்களும்தான் கடை.

சர்வர் என்று பெரிய பெயர் சொன்னாலும் அது ஒரு கறுப்புப் பெட்டிதான். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் பதிவது மற்றொன்றிலும் பதியும். மூன்றாவது பிரதி தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில், என் வீட்டு அலமாரியில் இருக்கும். வாரம் ஒருமுறை அதைக் கொண்டுபோய்ப் புதியவற்றை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். ஒரு கல்யாணத்தின் காட்சிகள் முழுவதையும் இணையத்தில் ஏற்றிவைக்க அந்தக் கடையின் இணைப்புக்குத் திராணி இல்லை. கேமராவின் மெமரி கார்டுகளையோ, சர்வரில் ஏற்றிய மறுநாளே அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ஆகவே ஒரு கல்யாணம் என்பது கடைசியில் அந்த மூன்று டிஸ்க்குகளில்தான் இருந்தது.

அந்த ஆண்டு ஆவணிக் கடைசியில் பக்கத்துக் கடலோரக் கிராமமான பிள்ளைச்சாவடியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்தை அண்ணன் எடுத்தார். பெண்ணின் தகப்பனார் படகு வைத்திருந்தவர். நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டதால், அவர் கண்ணை மூடுவதற்குள் நடத்திவிட வேண்டும் என்று முன்கூட்டியே வைத்த கல்யாணம் அது. ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் அவருக்கு மூச்சு முட்டியது. மகள் மணையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். பிறகு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

புரட்டாசி பிறந்ததும் அந்தப் பெண் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அப்பா டெய்லி கேக்குறாரு. போன்ல எடுத்தத காட்டுனா மூஞ்சிய திருப்பிக்கிறாரு. துண்டு துண்டா எனக்கு வேணாம், டிவில போட்டு மொதல்லேந்து கடைசி வரைக்கும் பாக்கணும்னு ஒரே அடம்."

"ரெண்டு வாரம் குடும்மா. ஜம்முனு குடுத்துட்றேன்" என்றார் அண்ணன்.

"அவருக்கு ரெண்டு வாரம் இருக்குதான்னு தெரிலண்ணே" என்றாள். அழவில்லை.

அதே வாரத்தில்தான் நான் என் வருடாந்திர வேலைக்காக அங்கே போனேன். வீடியோ தொகுக்கும் மென்பொருள் உரிமம் இல்லாத திருட்டுப் பிரதி என்பது எனக்கு வெகுநாளாகத் தெரியும். அதை நீக்கிவிட்டு முறையான உரிமம் வாங்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் சொன்னேன். திருட்டுப் பிரதியோடு வந்த வைரஸ் முன்பொரு முறை சர்வரையே முடக்கியிருந்தது. அடுத்தது, எனக்கு முக்கியமானது: யாரோ உழைத்துச் செய்ததை விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்வது சரியல்ல. கல்லூரிக் காலத்திலிருந்து நான் மேடைகளில் பேசிய கொள்கையும் அதுதான். உழைப்புக்கு உரிய கூலி.

தொகுக்கும் பெண் தயங்கினாள். "சார், அந்த பிள்ளைச்சாவடி கல்யாணம் முக்காவாசி முடிஞ்சிருச்சு. அத முடிச்சுக் குடுத்துட்டு அழிங்களேன்."

"உங்களுக்கு எப்பவுமே ஒரு கல்யாணம் பாக்கி இருக்கும்மா" என்றேன்.

அண்ணன் என் பக்கம் பேசினார். "அவரு சொல்றது சரிதாம்மா. நம்ம போட்டோல பேர் போட்டு வெச்சாலும் பேர வெட்டிட்டு எடுத்துக்கிறானுங்கன்னு நான் ஊர்பட்ட பேரத் திட்றேன். நானே அடுத்தவன் சாமான வெச்சிருந்தா எப்டி?"

அன்றே அந்தத் திருட்டுப் பிரதியை அழித்தேன்; தொகுப்பு வேலை நின்றது. புதிய உரிமம் இரண்டொரு நாளில் வந்துவிடும் என்றிருந்தோம். ரசீதில் கடையின் பெயர் பிழையாக விழ, விற்பனையாளர் அதைத் திருத்தி அனுப்புவதற்குள் நாட்கள் ஓடின. உரிமம் வந்து சேர்ந்தபோது ஆயுத பூஜைக்கு முந்தைய மாலை ஆகிவிட்டிருந்தது. பூஜை முடிந்து மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

பூஜையன்று நான் கடலூரில் வேறொரு வாடிக்கையாளரிடம் இருந்தேன். ஸ்டூடியோவில் நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். கேமராக்களையும் லென்ஸ்களையும் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் தரையில் மணைப்பலகை போட்டு அண்ணி அடுக்கினார். சுவரில் உயரத்தில் இருந்த இரும்புத் தட்டிலிருந்து சர்வரையும் கழற்றி இறக்கினார்கள். உழைக்கிற பொருட்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்தபோதுதான் அண்ணிக்கு என் வீட்டு அலமாரியில் இருந்த டிஸ்க் நினைவுக்கு வந்தது. "எல்லாம் சாமி முன்னாடி இருக்க, அது மட்டும் பொட்டில்லாம எங்கியோ கெடந்தா மனசு கேக்குமா?" என்று அண்ணனை அனுப்பினார். என் அம்மா அதை மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் தானே சந்தனமும் குங்குமமும் வைத்தாராம். அந்த டிஸ்க் ஏன் எப்போதும் கடைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை நான் இரு வீட்டாருக்குமே விளக்கியதில்லை; 'பத்திரம்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். சாமி முன்னிலையை விடப் பத்திரமான இடம் அவர்களுக்கு ஏது?

பூஜை முடிந்ததும் கருவிகளைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்தில்தான் எடுத்து இயக்க வேண்டும். எல்லாவற்றையும் அப்படியே விட்டுக் கடையைப் பூட்டிப் போனார்கள். இரவு மழை பிடித்துக்கொண்டது. மேலும் மேலும் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால், அந்தச் சந்தின் பழைய கடைகளெல்லாம் தெருவுக்குக் கீழே இருந்தன. சாக்கடை நிரம்பி, ஷட்டரின் அடியால் உள்ளே புகுந்தது.

காலையில் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, கடையில முட்டிக்கால் தண்ணி. பொரி மெதக்குது. பெட்டி அடியில கெடக்குது."

"எதையும் ஆன் பண்ணாதீங்கண்ணே. வந்துட்றேன்" என்றேன். அவருக்குக் கேட்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது. கடலூர் சாலையில் மழையோடு மழையாக வந்துகொண்டிருந்தேன். இணைப்பு விட்டுவிட்டு வந்தது.

நனைந்த டிஸ்க்கை அப்படியே விட்டிருந்தால் சென்னையில் அதற்கென்று இருக்கும் கூடங்களில் மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது விஜயதசமி. வருடம் முழுவதும் தொழில் நடக்க வேண்டுமானால் அந்த நல்ல நேரத்துக்குள் கருவி ஒருமுறையாவது இயங்கியாக வேண்டும். அண்ணன் சர்வரையும் என் வீட்டு டிஸ்க்கையும் பக்கத்து மாடிக்குத் தூக்கிப் போய், மணப்பெண்களின் தலைமுடி உலர்த்தும் கருவியால் ஆவி பறக்கக் காயவைத்தார். வெளியே காய்ந்தது. நேரம் கடப்பதற்குள் அந்த டிஸ்க்கையும் சர்வரில் செருகி, கற்பூரம் காட்டிப் பொத்தானை அழுத்தினார். நான் படியேறும்போதே கருகிய வாடை வந்தது.

"ஒரு தடவ ஓடிட்டா போதும்னு நெனச்சேன் தம்பி" என்றார். அவர் நெற்றியில் புதிதாக வைத்த விபூதி இருந்தது. பெட்டியைத் திறந்து டிஸ்க்குகளைக் கழற்றினேன். சென்னைக்கு அனுப்பிய டிஸ்க்குகளிலிருந்து, வேறு யாருடைய வரவேற்பிலோ எடுத்த சில படங்கள் மட்டும் திரும்பி வந்தன.

பிள்ளைச்சாவடிக்கு நேரில் போய்ச் சொல்வது என்று அண்ணன் தீர்மானித்தார். நானும் உடன் போனேன். பெரியவர் கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய்.

"என்னாப்பா, படம் ரிலீஸ் ஆவுதா இல்லியா?" என்றார்.

"தண்ணி பூந்துடுச்சுண்ணே. எல்லாம் போச்சு" என்றார் அண்ணன்.

பெரியவர் தலையணையிலிருந்து சற்று நிமிர்ந்தார். "நீ யாரு ஊட்டுப் புள்ள? குருசுக்குப்பந்தான? கடல்ல தொலச்சவன பாத்துருக்கேன். சாக்கடையில பறிகுடுத்தவன இப்பதான் பாக்குறேன்" என்றார். அது கோபமா கேலியா என்று புரிவதற்குள் இருமல் வந்துவிட்டது. மகள் முதுகைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும், "சரி. போன்ல எவனாச்சும் புடிச்சிருப்பான்ல. அதயே சேத்துப் போடு. பாத்துட்டுப் போறேன்" என்றார்.

திரும்பும் வழியில் நான் எனக்குள் கணக்குப் போட்டபடி வந்தேன். திருட்டுப் பிரதியை ஒரு வாரம் கழித்து அழித்திருந்தால் அந்த வீடியோ பூஜைக்கு முன்பே அந்த வீட்டை அடைந்திருக்கும். அதை அழித்தது தவறென்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. யார் கேட்டாலும் அழிக்கத்தான் சொல்வேன். ஆனால் நியாயம் பேசிய அந்த நாளில், நியாயத்துக்கான விலையைக் கட்டிலில் கிடந்த ஒருவர் கட்டுவார் என்பது என் யோசனையில் இல்லை. கொள்கைக்குக் காத்திருக்கத் தெரியும். அவருக்குக் காத்திருக்க நேரமில்லை.

உறவினர்களின் போன்களிலிருந்து கிடைத்த காட்சிகளை வாங்கிச் சேர்த்தோம். தொகுக்கும் பெண், புதிய உரிமத்தோடு புதிய கணினியில் இயங்கிய மென்பொருளில், இரவு பகல் பாராமல் அவற்றை வரிசைப்படுத்தினாள். நேரம் இல்லாததால் யாரும் முழுதாக ஓட்டிப் பார்க்கவில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு அண்ணனும் நானும் மீண்டும் போனோம். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். பெரியவர் எங்களுக்குப் பின்னால், கட்டிலில்.

மாப்பிள்ளை அழைப்பு வந்தது. சொந்தக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அவன் எதுக்கு வந்தான்?" என்றுகூட அவர் சிரித்தார். பிறகு மணமேடை. மேளம் உச்சத்துக்குப் போனது. மாப்பிள்ளை தாலியை எடுக்கும் நேரத்தில், கடையின் பெயர் அச்சிட்ட பனியனோடு ஒரு முதுகு வந்து திரையை அடைத்துக்கொண்டது. கேமராவைத் தூக்கியபடி மேடைக்கு முன் நின்ற அண்ணனின் முதுகு.

"நவுருப்பா கொஞ்சம்" என்றார் பெரியவர், திரையைப் பார்த்து.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் தரையில் கையூன்றி ஓரமாக நகர்ந்தார்.

திரையில் இருந்தவர் நகரவில்லை. அடுத்த போனில் எடுத்தது இடப்புறத்திலிருந்து, அதிலும் அவரே. மூன்றாவதில் அவரது விளக்குக்கு விரித்த வெள்ளைக் குடை மறைத்தது. அதற்குள் அட்சதை விழுந்து முடிந்துவிட்டது.

யாரோ படத்தை நிறுத்தினார்கள். முதுகு திரையில் அப்படியே நின்றது. மகள் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு குனிஞ்சுதான் தாலி கட்டுனாருப்பா" என்றாள். "ரெண்டு முடிச்சு போட்டாரு. மூணாவது நாத்தனார் போட்டாங்க."

"இறுக்கமா போட்டாளா?"

"போட்டாங்கப்பா."

"நீ அழுதியா?"

"அப்ப அழல."

"உங்கம்மா எந்தப் பக்கம் நின்னா?"

"எனக்குப் பின்னாடி. உன் எடத்துல சித்தப்பா நின்னாரு."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தலை நிமிரவில்லை.