புளோறன்ஸ் அன்ரிக்குச் சொல்ல வேண்டிய பாதிப் படம்

கடைசியாக அம்மாவும் நானும் சேர்ந்து செய்த வேலை ஒரு படுக்கை விரிப்பை மடித்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் நான்காம் மாடி. கடற்காற்றில் காய்ந்த துணி எப்போதும் கொஞ்சம் பிசுபிசுக்கும். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து உதறினோம். வெள்ளிக்கிழமை பார்த்த விண்வெளிப் படம்தான் பேச்சு.

"அந்தப் பிள்ளை எத்தினை மாசம் அந்தக் கப்பல்ல இருந்தவள்?"

"ஒரு வருசத்துக்கு மேல."

"ஒருநாள்கூட உடுப்புக் காயப்போடேல்லை."

"அது விண்வெளி அம்மா."

"இருக்கட்டும். வேர்க்கிறது வேர்க்கும்தானே."

சிரித்ததில் என் பக்கத்து மூலை நழுவியது. திரும்ப மடித்தோம். மறுநாள் விடிய அம்மா எழும்பவில்லை. மாரடைப்பு என்று டொக்டர் எழுதினார்.

அம்மாவின் பெயர் சரோஜினிதேவி. இளைப்பாறும்வரை கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கணக்குப் பகுதி. விஞ்ஞானம் படித்தவர் அல்ல. ஆனால் விண்வெளிப் படம் எது வந்தாலும் முதல் வாரமே பார்த்துவிட வேண்டும். தமிழ்ப் படத்தில் யார் யாரைக் கட்டுவார்கள் என்பது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இதில் அடுத்தது என்ன என்று படம் எடுத்தவனுக்கே தெரியாது என்பது அவர் கட்சி. ஆங்கிலம் பாதி காதில், திரையின் அடியில் ஓடும் சிங்கள எழுத்து பாதி கண்ணில். அவருக்கு அது போதும்.

குறைகளும் சொல்வார். மாத்திரையைச் சாப்பாடாக விழுங்குகிறவன் உயிரைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடுபடுகிறான் என்று கேட்பார். எனக்குப் பொருத்தம் பார்த்து அலுத்திருந்த காலத்தில் ஒரு படம் முடிந்து வெளியே வரும்போது, "செவ்வாய்க்கே போட்டு வாறாங்கள். ஒருத்தனுக்கும் செவ்வாய் குற்றமில்லை. உனக்கு மட்டும்" என்றார். நான் லிப்ட் பராமரிக்கும் பொறியியலாளர். வெற்றிடத்தில் சத்தம் கேட்காது என்று ஒருமுறை விளக்கினேன். "சத்தமில்லாட்டி எனக்கு நித்திரை வந்திடும். விடு அவங்களை."

ஒரு காட்சிக்கு மட்டும் குறை சொல்லமாட்டார். வெகு தொலைவில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து எப்போதோ அனுப்பிய செய்தி வந்து சேரும் காட்சி. அப்போது இருட்டில் என் கையைப் பிடிப்பார். அவருடைய தம்பி ரொறன்ரோவில். கை பிடிக்கிற காரணத்தை நான் கேட்டதில்லை.

பார்த்த படத்தைச் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோவார். அங்கே புளோறன்ஸ் அன்ரி இருக்கிறார். அம்மாவின் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவர். இடுப்பு எலும்பு தேய்ந்து, வீட்டைவிட்டு இறங்க முடியாதவர். ஒரு சனி இடைவேளை வரைக்கும் கதை; அடுத்த சனி மிச்சம். நடுவில் அன்ரி யாரையும் கேட்கக் கூடாது, போனில் தேடவும் கூடாது. அவர்களுக்குள் அது சட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்த கடைசிப் படத்தில் ஒரு பெண் விண்கப்பலுக்கு வெளியே திருத்த வேலைக்குப் போகிறாள். பின்னால் கதவு பூட்டிக்கொள்கிறது. இடைவேளை. இறப்பதற்கு முந்திய சனிக்கிழமை அம்மா அதுவரை சொல்லியிருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு அன்ரி போன் எடுத்தார். செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனதற்கு அழுதார். பிறகு, வியாழக்கிழமை தனக்கு இடுப்பில் ஒப்பரேஷன் என்றார்.

"நெஞ்சு வருத்தமும் இருக்கு. மயக்கினா எழும்புவனோ தெரியாது. வந்து மிச்சத்தைச் சொல்லிப்போட்டுப் போ, பிள்ளை."

மிச்சத்தில் அந்தப் பெண் திரும்பி வருவதில்லை. காற்று முடிந்துவிடுகிறது. ஒப்பரேஷனுக்குப் போகிற ஒருவரிடம் இதைச் சொல்ல முடியாது என்று நினைத்தேன். பஸ்ஸில் வேறொரு முடிவு தயாரித்தேன்.

அன்ரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தது. உட்கார்ந்து சொன்னேன்.

"கதவு திறக்குது அன்ரி. லிப்ட் மாதிரித்தான், வெளியால திறக்கிறதுக்கு ஒரு சாவி இருக்கு."

அன்ரி இல்லை என்று தலையாட்டினார்.

"சரோ என்னை ஒருநாளும் பேய்க்காட்டினதில்லை. சாகிறவையைச் சாகவிட்டுத்தான் சொல்லுவா."

"ஒப்பரேஷனுக்கு முதல் ஏன் எண்டுதான்..."

"அதுக்காகத்தான் கேக்கிறன். கடைசி நேரத்தில அவள் என்ன செய்தவள்? பயந்தவளோ?"

"முதல்ல கொஞ்சம். பிறகு இல்லை."

"பின்னை சொல்லன். சுருக்காதை. உன்ர அம்மா சொல்லத் தொடங்கினா தேத்தண்ணி ரெண்டு தரம் ஆறும்."

கதிரையைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டேன். கதவு பூட்டிய இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

"அவள் உடன வீட்டுக்குக் கதைக்கேல்லை, அன்ரி. வந்த வேலையை முடிக்கிறாள். மிச்சமிருந்த திருகாணியையும் இறுக்கிறாள். அதுக்குப் பிறகுதான் பூமியில இருக்கிற மகளை றேடியோவில கூப்பிடுறாள்."